அரெஸ்ஸோவின் செங்கிண்ணமும் என் பழைய கட்டுரையும்

பாத்திரம் வாங்க வருகிறவர்கள் நம் ஊரில் முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை சுத்தமாக வந்தால்தான் காசு வெளியே வரும். நாற்பது வருஷம் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் என்பதால் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. 2018 மே மாதம் மகள் குடும்பத்தோடு இத்தாலி போனபோது, உம்பிரியா நாட்டுப்புறத்தில், பெருஜியாவுக்குத் தெற்கே உள்ள டெருட்டா என்ற சிற்றூரில் கடை கடையாகத் தட்டுகளைச் சுண்டிக்கொண்டே போனேன். "அப்பா, அவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் மகள். கடைக்கார அம்மாள் ஒன்றும் நினைக்கவில்லை. தானும் ஒரு தட்டை எடுத்துச் சுண்டிக் காட்டினாள்.

அந்த ஊரின் சரக்குக்கு மயோலிக்கா என்று பெயர். மயோர்க்கா என்ற ஸ்பானியத் தீவின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். சக்கரத்தில் வனைந்த தட்டை ஒருமுறை சுட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெண்பூச்சில் தோய்த்து எடுக்கிறார்கள். பூச்சு மாவுபோல் உலர்ந்ததும் அதன்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, மறுபடி சூளையில் வைக்கிறார்கள். உலர்ந்த பூச்சு வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடும். கோடு தவறினால் தவறியதுதான், அழிக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டில் டெருட்டாக்காரர்கள் மூன்றாம் முறையும் சுட்டுப் பொன்போல் மினுமினுப்பு வரவழைத்தார்கள். பிக்கோல்பாஸோ என்பவர் 1550களில் இந்தத் தொழிலின் நுட்பங்களையெல்லாம் சூளைப் படத்தோடு எழுதி வைத்தார். நம் வேட்கோவர்களுக்கு அப்படி எழுதிவைக்க ஒருவர் வாய்க்கவில்லையே என்று எனக்கு ஏக்கம்தான்.

டெருட்டாவுக்கு முன்னால் வேறோர் ஊரில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'கையால் தீட்டியது' என்று சொல்லி 45 யூரோவுக்கு ஒரு தட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். அறைக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் பூவிதழ் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அச்சுப் படத்தை ஒட்டிச் சுட்டது! வியாபாரியையே வியாபாரி ஏமாற்றினான். அதற்குப் பிறகு எந்தத் தட்டையும் கவிழ்த்து அடியைப் பார்க்காமல் விலை கேட்கவில்லை.

இப்படி அடியைப் பார்க்கும் கண்ணோடுதான் டஸ்கனியில் உள்ள அரெஸ்ஸோவுக்குப் போனேன். மகளுக்கு அங்கே கடைத்தெரு, எனக்கு அருங்காட்சியகம். ரோமானியரின் வட்டரங்கு இடிபாட்டின்மேல் எழுந்த பழைய மடத்தில் அது இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளில் பவழ நிறத்தில் கிண்ணங்கள், அவற்றை வார்த்த அச்சுகள். ஏறக்குறைய கி.மு. 30 முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வூர்ச் சூளைகளின் செங்கலங்கள் ரோமானிய உலகெங்கும் போயின. பல கிண்ணங்களின் உள்ளடியில் முத்திரை உண்டு. பெரென்னியுஸ் என்ற முதலாளியின் பட்டறைக் கலங்களில் செர்தோ, நிகேபோருஸ் என்ற அடிமைகளின் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. அடிமையின் பெயர் எதற்கு என்று யோசித்தேன். எந்தக் கை செய்த சரக்கு என்று கணக்கு வைக்கத்தான் இருக்கும் என்று என் கடைப்புத்தி சொல்கிறது.

இந்த ஊர்க் கலங்களைத்தான் அரிட்டைன் என்று தொல்லியலார் அழைக்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அந்த ஓடுகள் கிடைத்தன. விபி, கமுரி, இத்தா என்று முத்திரைகளும் இருந்தன. இத்தாலியில் காலம் தெரிந்த ஓட்டை வைத்துத் தமிழகத்து மண்ணடுக்குக்கு அவர் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம் ஆயிற்று.

இங்கேதான் என் தவறு வருகிறது. 2003ஆம் ஆண்டு நம் சங்க மலரில், அரிக்கமேட்டில் கிடைத்த உயர்ந்த கலங்கள் எல்லாமே ரோமிலிருந்து வந்தவை, உருளைக் கருவியால் வரிப்புள்ளி இட்ட ரௌலட்டட் தட்டுகள் உட்பட, என்று எழுதியிருந்தேன். வீலரின் பழைய அறிக்கை ஒன்றையே நம்பினேன். விமலா பெக்லி 1983லேயே அதை மறுத்து எழுதிவிட்டார். 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழாய்வும் நடத்தினார். பின்னாளில் மண்ணைச் சோதித்தவர்கள் கங்கையின் கீழ்ச் சமவெளியைக் கைகாட்டினார்கள். நான் படிக்காமல் விட்டது என் குற்றம்.

அரெஸ்ஸோவில் அசல் கிண்ணங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ரௌலட்டட் ஓடுகளைப் பலமுறை பார்த்தவன் நான். நிறம் வேறு, பூச்சு வேறு, உருவம் வேறு. வியாபாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தவிரவும், பானை வனையத் தெரிந்த நாட்டுக்கு மண் தட்டைக் கப்பலேற்றி எவன் லாபம் பார்ப்பான்? ஆம்போராச் சாடிகளில் மது வந்தது, பொற்காசு வந்தது. இங்கிருந்து மணியும் துணியும் போயின. அந்தச் செங்கிண்ணங்கள் வந்தவர்கள் தாங்கள் உண்ணக் கொண்டுவந்தவையாகவே இருக்கும் என்பது என் கணக்கு.

மே மாதத்தில் அங்கே இரவு எட்டரை வரை வெளிச்சம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் எங்கள் வழக்கத்துக்கு அது ஒரு வசதி. அன்று மாலை சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் பழைய செங்கிண்ணத்தின் நகல் ஒன்று வாங்கினேன். அடியில் செய்தவர் பெயர் இருக்கிறது. நகல் என்றும் எழுதியிருக்கிறது.

2003 மலரை வைத்திருக்கும் அன்பர்கள் என் கட்டுரையில் ரௌலட்டட் பற்றிய அந்தப் பத்தியை அருள்கூர்ந்து அடித்துவிடுங்கள்.