பெயரும் பயனும்: கணனித் திரையில் மென்பொருள் வகைப்பாடு

கணனியில் நிறுவப்பட்ட மென்பொருள்களை வகைபிரித்துக் காட்டும் பட்டியை வசதி கருதிய ஓர் ஏற்பாடாகவே பலர் கொள்வர். ஆயின் எதனை எதனோடு சேர்ப்பது, அச்சேர்க்கைக்குப் பெயரிடுபவர் யார் என்பன எக்காலத்தும் சமூக உறவுகளோடு பிணைந்த வினாக்களாகும். கணனித் திரையின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 மென்பொருள்களைக் குழுக்களாகத் தொகுத்தது. துணைக்கருவிகள், விளையாட்டுகள் முதலிய குழுக்கள் பயன்பாட்டைத் தழுவியனவே. எனினும் புதிதாக நிறுவப்படும் மென்பொருள் பெரும்பாலும் தனக்கெனத் தனிக்குழு அமைத்துக்கொண்டது. 1995இல் விண்டோஸ் 95 அறிமுகப்படுத்திய தொடக்கப் பட்டியிலும் இப்போக்கு நீடித்தது. அதன் பிரிவுகள் பல, தயாரித்த நிறுவனத்தின் பெயரையே தாங்கின. படம் வரைய விழைபவர் கருவியை விற்றவரின் பெயரை முதலில் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. உற்பத்தியாளரின் உரிமைக்குறி பயன்படுத்துவோரின் தேவையை மறைத்து நின்றது.

கட்டற்ற மென்பொருள் உலகிலே நிலைமை வேறு திசையில் வளர்ந்தது. 1996இல் தொடங்கிய கேடிஈ, 1997இல் தொடங்கிய க்னோம் ஆகிய திரைச்சூழல்களுக்கிடையே பொதுநியமங்களை வகுக்க 2000இல் ஃப்ரீடெஸ்க்ரொப் என்னும் கூட்டுமுயற்சி உருவாயிற்று. அதன் பட்டி நியமப்படி, ஒவ்வொரு மென்பொருளும் தான் சார்ந்த வகையைச் சிறு கோப்பொன்றில் அறிவிக்கும். திரைச்சூழல் அவ்வறிவிப்புகளைத் திரட்டிப் பட்டியை அமைக்கும். அலுவலகம், கல்வி, வரைகலை, வலையமைப்பு என்பன அதன் தலைப்புகளுட் சில. ஒரு மென்பொருள் பல வகைகளையும் சாரலாம். நிறுவனப் பெயரன்று, செய்யும் தொழிலே இங்கு அளவுகோலாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனை முழுவெற்றி எனல் பொருந்தாது. வகையை அறிவிப்போர் ஆக்கியோரே. சிறுவர்க்கான ஜீகொம்ப்ரியும் விண்மீன்களைக் காட்டும் ஸ்டெல்லேரியமும் 'கல்வி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வருவதுண்டு. பயன்படுத்துவோர் பட்டியைத் திருத்தியமைக்க நியமம் இடமளிக்கிறதாயினும் அவ்வுரிமையை அறிந்தோர் சிலரே.

2011இல் வெளியான க்னோம் 3 தேடலை முன்னிறுத்தியது. பெயர் அறிந்தவர்க்குத் தேடல் விரைவானது. தம் கணனியில் என்ன உண்டு என்பதையே அறியாத புதியவர்க்கோ வகைப்பாடே வழிகாட்டி. பட்டியை அகற்றித் தேடலை மட்டும் விடுதல், நூலகத்தின் அலுமாரிகளைப் பூட்டிவிட்டு நூற்பெயரைச் சொல்லிக் கேட்குமாறு வாசகரைப் பணிப்பதை ஒக்கும். வகைப்பாட்டின் குறைகள் அதனைக் கைவிடுவதற்கு நியாயமாகா. அதனைத் திருத்தும் ஆற்றல் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் கைவரச் செய்தலே வேண்டப்படுவது.