ஹாடோவிலிருந்து லம்பா லைன் வரை

அந்தமான் தீவுகளின் தலைநகரமாகிய போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) கப்பல் வந்து அணையும் ஹாடோ துறைக்கும் விமானம் வந்திறங்கும் லம்பா லைன் மைதானத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேற்படாது. துறை வாசலில் ஆட்டோ பேசி ஏறி உட்கார்ந்தால், டெலானிப்பூரைக் கடந்து, கோல்கர் கடைத்தெருவின் நெரிசலில் சற்றே தேங்கி, ஜங்க்லிகாட் வழியாக, அரை மணிக்குள் விமான நிலையத்து வாசலில் இறங்கிவிடலாம். மூன்று நாள் வங்கக் கடலில் ஆடி வந்த பிரயாணிக்கு இந்தச் சாலை ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. மூட்டை முடிச்சுகள் எல்லாம் வந்து சேர்ந்தனவா, விமானத்துக்கு நேரம் இருக்கிறதா என்ற கவலையிலேயே வழி கழிந்துவிடும். ஆயினும் இத்தீவுகளின் சரித்திரத்தைச் சற்றே பொறுமையோடு நோக்குவோமானால், துறையில் வந்திறங்கிய ஒருவன் தான் விரும்பிய நாளில், தான் விரும்பிய வழியில் ஊரைவிட்டுப் புறப்படலாம் என்னும் எளிய சுதந்திரம் இங்கே சித்திப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதும், அந்தச் சிறு சாலையின் இரு முனைகளையும் வெவ்வேறு அரசுகள் வெவ்வேறு நோக்கங்களுக்காக உண்டாக்கின என்பதும் விளங்கும்.

தமிழருக்கு இக்கடல் புதியதன்று. பதினோராம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற நாடுகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியில், நிக்கோபார் மாநக்கவாரம் என்ற பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. ஆனால் கப்பல்கள் இத்தீவுகளை ஒட்டிச் சென்றனவேயன்றி, ஒரு துறைமுகம் அமைத்து ஜனங்களைக் குடியேற்றும் எண்ணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில்தான் உருவாயிற்று. கடற்படை உத்தியோகஸ்தராகிய ஆர்ச்சிபால்ட் பிளேர் கரைகளை அளந்து, 1789-ல் சாத்தம் என்னும் சிறு தீவில் ஒரு குடியேற்றத்தை ஸ்தாபித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் அது வடக்கே மாற்றப்பட்டு, அங்கே நோயும் மரணமும் மிகுந்தபடியால் 1796-ல் அடியோடு கைவிடப்பட்டது. அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காடு மறுபடியும் கரைவரை வந்து நின்றது.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. அதற்கு விடையாகத்தான் போர்ட் பிளேர் மீண்டும் உயிர்பெற்றது. 1858 மார்ச் 10-ஆம் தேதி, குடியேற்றத்தின் அதிகாரியாக நியமிக்கப்பட்ட டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு செமிராமிஸ் என்ற கப்பலில் வந்து சேர்ந்தார். அன்றுமுதல் இந்தத் துறையின் தருமம் ஒன்றே ஒன்றுதான்: இங்கே இறங்கலாம், ஏறக்கூடாது. அந்த முதல் சில மாதங்களில், பின்னால் கொண்டுவரப்பட்டவர்களையும் சேர்த்து, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தால் பர்மா தேசத்தை அடைந்துவிடலாம் என்று அவர்களில் பலர் நம்பியதுதான் பரிதாபம். தாங்கள் நிற்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு என்பதையே அவர்கள் அறியார். பசியாலும், ஆதிவாசிகளின் அம்புகளாலும் மாண்டவர்கள் போக, பிடிபட்டுத் திரும்பியவர்களில் 86 பேரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார்.

அந்தக் கூட்டத்தில் தப்பிப் பிழைத்த தூத்நாத் திவாரி என்பவனின் கதை விசித்திரமானது. ஓராண்டுக் காலம் அந்தமானியரோடு காட்டில் வாழ்ந்து, அவர்களுடைய பாஷையையும் ஓரளவு கற்றுக்கொண்ட அவன், 1859-ல் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்க வரப்போகிறார்கள் என்ற செய்தியோடு வெள்ளையரிடம் திரும்பி வந்தான். அபர்டீன் யுத்தம் என்று வழங்கும் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. வில்லோடு வந்தவர்கள் துப்பாக்கிக்கு முன் நிற்க முடியவில்லை. தனக்கு அடைக்கலம் தந்தவர்களைக் காட்டிக் கொடுத்ததற்குக் கூலியாகத் திவாரிக்கு 1860-ல் மன்னிப்பு வழங்கப்பட்டது. தாய்நாடு திரும்பும் அனுமதிக்கு அக்காலத்தில் எத்தகைய விலை கேட்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நாளடைவில் சிறைப் பரிபாலனம் ஒழுங்குபட்டது. பத்தாண்டுகள் நன்னடத்தையோடு கழித்த கைதிக்கு அனுமதிச் சீட்டு அளித்து, தன் கையால் உழைத்துப் பிழைக்கவும், நிலம் பெறவும், பெண் கைதிகளில் ஒருத்தியை மணந்துகொள்ளவும் இடம் கொடுத்தார்கள். இருபது, இருபத்தைந்து வருஷங்கள் கழிந்தபின் விடுதலை பெறுகிறவன் விரும்பினால் கப்பலேறலாம். ஆனால் அதற்குள் ஊரில் உற்றார் மறைந்து, இங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால், துறைக்குப் போகாமலே இருந்துவிட்டவர்கள் பலர். அப்படித் தங்கிவிட்டவர்களின் சந்ததிதான் இன்று உள்ளூரில் லோக்கல் என்று சொல்லப்படும் சமூகம். அதிகாரிகளோ, கைதிகள் வாழும் பெரிய தீவில் வாழாமல், துறைமுகத்தின் வாயிலில் இருந்த ராஸ் தீவில் மாளிகையும் மாதா கோயிலும் நடனசாலையும் அமைத்துக்கொண்டு, நடுவே கடலை அகழியாக வைத்து அரசாண்டார்கள்.

அந்தக் கடலையும் காவலையும் மீறி ஒரு நிகழ்ச்சி 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி நடந்தது. இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த மேயோ பிரபு குடியேற்றத்தைப் பார்வையிட வந்து, மவுண்ட் ஹாரியட் குன்றின்மேல் நின்று சூரியாஸ்தமனம் கண்டு களித்து, இருட்டியபின் ஹோப் டவுன் துறைக்கு இறங்கி வந்தார். எதிரே கிளாஸ்கோ என்னும் போர்க்கப்பல் விளக்கேற்றிக் காத்திருந்தது. தீவட்டிகள் முன்னும் பின்னும் வந்தன. துறையோடு கட்டியிருந்த படகில் கால் வைப்பதற்குச் சில அடிகளே இருந்த வேளையில், ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி பாய்ந்து அவரைக் கத்தியால் குத்திவிட்டான். ஒரு மாதத்துக்குப் பின் வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான். ஆயிரமாயிரம் பேருக்குத் திரும்பும் வழியை அடைத்து வைத்திருந்த சாம்ராஜ்யத்தின் பிரதிநிதிக்கே, கரைக்கும் படகுக்கும் இடையேயிருந்த அந்தச் சில அடிகளைக் கடக்க முடியாமற் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீவையும் தாயகத்தையும் இணைத்தது மஹாராஜா என்ற நீராவிக் கப்பல். கல்கத்தா, ரங்கூன், சென்னை ஆகிய துறைகளுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே தபாலையும் தானியத்தையும் உத்தியோகஸ்தர்களையும் ஏற்றிச் சென்ற அதே கப்பலின் கீழ்த்தளத்தில், கம்பிக் கூண்டுக்குள் கைதிகள் அடைபட்டு வந்தார்கள். விநாயக தாமோதர் சாவர்க்கர் சென்னைத் துறைமுகத்தில் அதில் ஏற்றப்பட்டு, 1911 ஜூலை 4-ஆம் தேதி இங்கே கொண்டுவரப்பட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1921-ல் திருப்பி அனுப்பப்பட்டார். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் இருந்த அரசியல் கைதிகள் 1933-லும் 1937-லும் பட்டினிப் போர் நடத்தினார்கள். தாயகத்தில் எழுந்த கொந்தளிப்புக்குப் பின்னரே அவர்களைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. துறை அரசியல் கைதிகளுக்கும் இருவழித் துறையாக மாறியதற்கு அரசாங்கத்தின் கருணையைக் காட்டிலும் அந்தப் பட்டினியே காரணம் எனலாம்.

சாலையின் மறு முனை உண்டான கதை இன்னும் கசப்பானது. 1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படைகள் போர்ட் பிளேரில் இறங்கின. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊருக்கு விமானதளம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்களே. லம்பா லைனில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி ஓடுபாதை சமைப்பதற்கு உள்ளூர் ஜனங்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். கடல் மார்க்கம் நேச நாடுகளின் கப்பல்களால் அடைபட்டு, அரிசிக்கும் மருந்துக்கும் வழியற்றுப் போயிருந்த காலம் அது. அரை வயிற்றோடு மண் சுமந்தவர்களின் உழைப்பில் எழுந்த அந்த மைதானத்தில், 1943 டிசம்பர் 29-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்திறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அதே வேளையில், தீவில் இந்திய சுதந்திர லீகின் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங், ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டு, செல்லுலார் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடந்தார். 1944 ஜனவரி 14-ல் அங்கேயே உயிர் நீத்தார். விடுதலையின் கொடி பறந்த மைதானமும் விடுதலைக்காரர் ஒருவர் வதைபட்ட சிறையும் ஒரே ஊரில், நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் இருந்தன. 1945 அக்டோபரில் ஜப்பானியர் சரணடைந்தார்கள், ஓடுபாதை தங்கிவிட்டது.

சுதந்திர இந்தியாவில்தான் இந்தத் துறைக்குத் தானே விரும்பி வருபவர்கள் பெருகினார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து துறைமுக வேலைக்கும், கட்டிட வேலைக்கும், சாலை போடுவதற்கும், கடை வைப்பதற்கும் ஆட்கள் வந்தார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் சிலர், நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கோல்கரில் தேநீர் குடிக்கும்போதும் அபர்டீன் கடைவீதியில் விலை பேசும்போதும் தமிழ் காதில் விழுவது இதனால்தான்.

இவர்களை ஏற்றி இறக்கிய கப்பல்களின் பெயர்கள் தீவுக் குடும்பங்களில் உறவினர் பெயர்களைப் போல வழங்குகின்றன. அக்பர், ஹர்ஷவர்த்தனா, நிக்கோபார், நன்கௌரி, ஸ்வராஜ் த்வீப் ஆகியவற்றில் எதில் கல்யாணத்துக்குப் போனோம், எதில் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கக் கொண்டுபோனோம் என்று காலத்தைக் கணக்கிடுகிறவர்கள் உண்டு. அடித்தளத்தில் அடுக்குப் படுக்கைகள் நிறைந்த பங்க் வகுப்பே ஏழை எளியவர்களின் இடம். மேலே செல்லச் செல்ல அறையும் விசாலம், கட்டணமும் உயரம். சென்னையை விட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கப்பல் ராஸ் தீவைக் கடந்து உள்ளே திரும்பியதும், அதுவரை படுத்துக் கிடந்தவர்களெல்லாம் எழுந்து கம்பிப் பிடியோரம் வந்து நிற்பார்கள். சாத்தம் மர அறுப்பாலையைத் தாண்டி ஹாடோவில் கப்பல் அணைந்து ஏணி இறங்கினால், நைலான் கயிறு வரிந்த அட்டைப் பெட்டிகளும், அரிசி மூட்டைகளும், உறங்கும் குழந்தைகளும் தோளேறிக் கரைக்கு வருகின்றன. சுமைத் தொழிலாளரின் கூவலும் ஆட்டோக்காரரின் அழைப்பும் ஹிந்தியில் தொடங்கித் தமிழிலோ வங்காளியிலோ முடியும்.

ஆகாய மார்க்கம் மெல்லத்தான் வளர்ந்தது. ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட விமானம் ரங்கூனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டே போர்ட் பிளேருக்கு வர வேண்டியிருந்தது. பின்னர் ஜெட் விமானங்களும் நேர் மார்க்கமும் வந்தன. ஓடுபாதை இன்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, உத்க்ரோஷ் என்ற கடற்படை விமானதளத்தோடு பொதுவாக விளங்குகிறது. ஒரு புறம் குன்றுகள் நெருங்கியிருப்பதால் விமானங்கள் பெரும்பாலும் ஒரு திசையில் இறங்கி, எதிர்த் திசையிலேயே எழும்புகின்றன. 2002-ல் நிலையத்துக்கு வீர சாவர்க்கரின் பெயர் சூட்டப்பட்டது. சுமார் 710 கோடி ரூபாய் செலவில், ஆண்டுக்கு 50 லட்சம் பேர் வந்துபோகத்தக்க விதத்தில், சிப்பியின் வடிவில் நிர்மாணிக்கப்பட்ட புதிய கட்டிடம் 2023 ஜூலை 18-ஆம் தேதி திறக்கப்பட்டது.

இவ்வளவு வசதிகள் வந்தபின்னும், கப்பலில் வந்து அன்றே விமானம் ஏறலாம் என்று திட்டமிடுவது விவேகமாகாது. விமானத்துக்கு மணிக்கணக்கு உண்டு; கப்பலுக்கோ காற்றும் அலையும், துறையில் இடம் காலியாவதுமே கணக்கு. வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலின் தளத்தில் நின்றபடி, தன் விமானம் தலைக்கு மேலே பறந்து போவதைப் பார்ப்பவனுக்கு ஐந்து கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது தெரியும். தீவுவாசிகள் இதை அறிந்தவர்களாதலால், இடையே ஓர் இரவாவது தங்கும்படிதான் ஏற்பாடு செய்துகொள்வார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதியின் பூகம்பமும் கடற்கோளும் துறைகளையும் ஓடுபாதையையும் ஒருங்கே சேதப்படுத்தின. நிவாரணப் பொருள்கள் வந்ததும் இந்த இரு வாசல்கள் வழியாகத்தான். நிக்கோபார்த் தீவுகளில் அனைத்தையும் இழந்தவர்கள் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்ததும் இவ்வழியேதான்.

ஊருக்குள் நுழைவதும் ஊரை விட்டு நீங்குவதும் மனிதனுடைய சாதாரண உரிமைகள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தமானில் அவை ஒவ்வொன்றும் ஈட்டப்பட்டவை: பட்டினி கிடந்தும், மண் சுமந்தும், அந்நிய மண்ணில் வேரூன்றியும் ஈட்டப்பட்டவை. கப்பலின் கூண்டில் வந்த கைதி ஒருவரின் பெயரை விமான நிலையம் தாங்கி நிற்கிறது. அந்த நிலத்தைச் சமன் செய்தவர்களோ பெயரற்றவர்கள். ஆனால் அவர்களுடைய பேரன் பேத்திகள் அதே ஓடுபாதையிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் படிக்கவும் வைத்தியம் பார்க்கவும் பறந்து போகிறார்கள். டிக்கெட்டின் விலை கட்டுப்படியாகாதபோது ஹாடோவுக்குத் திரும்பிப் பங்க் வகுப்பில் இடம் கேட்கிறார்கள். எந்த வாசலால் போவது என்பதை இப்பொழுது தீர்மானிப்பது அவர்களுடைய பணப்பைதான், சிறை அதிகாரியல்ல. அந்த மாறுதலின் பெருமை எந்த ஒரு தலைவருக்கும் தனியே உரியதன்று; அந்தச் சாலையின் இரு புறமும் வீடு கட்டிக் குடியிருக்கும் சாமானிய ஜனங்களுக்கே உரியது.