நொச்சி: மதிலிலிருந்து குதிர் வரை

ஜவ்வாது மலைக்குப் பேர் வாங்கித் தந்த பயிர் சாமை. உமி மூடியிருக்கும்வரை அந்தச் சின்ன மணியைப் பூச்சி அவ்வளவு எளிதில் தொடாது. குத்திப் புடைத்து அரிசியாக்கிவிட்டால் நிலைமை வேறு. தவிட்டில் எண்ணெய் உண்டு. அதனால் சீக்கிரமே சிக்கு வாடை தட்டும், அந்தும் வண்டும் ஏறும். தானியத்தைக் காக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேப்பிலைக்கு அடுத்துக் கை நீளுவது நொச்சித் தழைக்குத்தான். நிழலில் உலர்த்திய தழையைக் குதிரில் ஓர் அடுக்கு, தானியம் ஓர் அடுக்கு என்று போட்டு வைப்பார்கள். மாலையில் கொசு அண்டாமலிருக்கத் தொழுவத்தில் மூட்டம் போடுவதும் இதே தழையை வைத்துத்தான். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களின் கைமருந்துகளிலும் நொச்சி உண்டு. (இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, பேசுவது தமிழ்.)

நொச்சியின் கொம்பு நான்கு பட்டையாக இருக்கும். ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ இலைகள் விரல்போல் விரியும். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெள்ளை. சும்மா தொட்டால் பெரிதாக வாசம் தெரியாது. கசக்கினால்தான் நெடி குப்பென்று ஏறும், கை கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். குறுந்தொகையில் கொல்லன் அழிசி இந்த இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தறியாதவர்கூட அந்த ஒப்புமையை வைத்துக் கொண்டு புதரில் இதை அடையாளம் காணலாம்.

பெயரின் வேரைத் தேடும்போது என் கண் 'நொசிவு' என்ற சொல்லில் நிற்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்கு நுண்மை என்று பொருள் சொல்கிறது. மெலிந்து வளையும் கொம்பும் ஒடுங்கிய இலையும் கொண்ட செடிக்கு 'நொசி' என்ற அடியிலிருந்து பெயர் அமைந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனால் அடிச்சொல்லை விட, இந்தச் சொல் பிறகு ஏற்றுக்கொண்ட பொருள்கள்தான் என்னை அதிகம் ஈர்க்கின்றன.

அகப்பாடல்களில் நொச்சி பெரும்பாலும் வீட்டை ஒட்டி நிற்கிறது. நற்றிணையிலும் அகநானூற்றிலும் அது மனையோடு சேர்ந்தே பேசப்படுகிறது. புறப்பாடல்களிலோ மதிலைக் காப்பவன் அதைச் சூடுகிறான். புறநானூற்றில் மோசிசாத்தனாரின் பாட்டு நொச்சி மரத்தையே முன்னிலைப்படுத்திப் பேசுவது. பெண்கள் இடையில் அணியும் தழையும் கோட்டை காக்கும் வீரன் தலையில் சூடுவதும் இந்த ஒரே மரம் என்கிறது அது. வெறிபாடிய காமக்கண்ணியாரின் பாட்டு இன்னும் கடுமை. முன்பு பெண்கள் இடையில் கண்ட அதே நொச்சி, இப்போது வெட்டுண்ட வீரனின் குருதியில் உருமாறிக் கிடக்கிறது. இறைச்சி என்று எண்ணிப் பருந்து அதைத் தூக்கிப் போகிறது.

தொல்காப்பியம் மதிலை முற்றுவதையும் காப்பதையும் உழிஞைத் திணைக்குள்ளேயே அடக்கியது. பின்னால் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலைத் தனியே பிரித்து நொச்சித் திணை என்று நிறுத்தியது. அகராதியில் நொச்சி என்ற சொல்லுக்கு மதில் என்ற பொருளே ஏறிவிட்டது. மதிலேறிக் காத்தவன் சூடிய பூவின் பெயர் மதிலுக்கே ஆனது. எதிரி உள்ளே வராமல் தடுப்பவனுக்கு வேறு எத்தனையோ பூக்கள் இருக்க, முற்றத்தில் நின்ற இந்த மரம் ஏன் அடையாளமானது? பூச்சியை விரட்டும் தழை என்பதால்தான் என்று எந்தப் பழைய உரையும் சொல்லவில்லை. நானும் அப்படி வாதிடப் போவதில்லை. முற்றுகைக் காலத்தில் மதிலுக்குள்ளேயே பறிக்கக் கிடைத்த மனைமரம் இது என்பதே போதுமான காரணமாக எனக்குப் படுகிறது.

ஊர்ப்பெயர்களிலும் நொச்சி நின்றுவிட்டது. சென்னை மெரினாவில் மீனவர் வாழும் நொச்சிக்குப்பம், திருச்சிக்குப் பக்கத்தில் நொச்சியம், மட்டக்களப்பில் நொச்சிமுனை. அநுராதபுரம் பக்கம் நொச்சியாகம என்ற ஊர் இருக்கிறது. சிங்களத்தில் இந்தச் செடிக்குப் பெயர் 'நிக'. ஆனாலும் ஊர்ப்பெயரில் தமிழ்ச்சொல் தங்கியிருக்கிறது.

கடல் கடந்த கதை வேறு வழியில் நடந்தது. டச்சுக்காரர் வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற மலபார்த் தாவர நூல் 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றோர் சொன்ன பெயர்கள் அதில் இலத்தீன் எழுத்தில் ஏறின. அதன் இரண்டாம் தொகுதியில் 'பெம்-நோசி', 'கர-நோசி' என்று இரண்டு செடிகள் உள்ளன. வெண்ணொச்சி, கருநொச்சி என்று நாம் உடனே படித்துவிடலாம். ஆனால் 1753இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் தேர்ந்தது அந்தப் பெயரை அல்ல. நிர்குண்டி என்ற வடசொல் போர்த்துக்கீசியர் வாயில் 'நெகுண்டோ' ஆகியிருந்தது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூலிலேயே அந்த வடிவம் உண்டு. லின்னேயஸ் அதை எடுத்து 'வைடெக்ஸ் நெகுண்டோ' என்று வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. வட அமெரிக்க மேப்பிள் வகை ஒன்றின் இலை நொச்சிபோலப் பிரிந்திருந்ததால் அதற்கு 'ஏசர் நெகுண்டோ' என்ற பெயர் வந்தது. ஊர் வழக்கில் பாக்ஸ் எல்டர். கருப்பு உடம்பில் சிவப்புக் கோடு போட்ட ஒரு பூச்சி அந்த மரத்தை அண்டி வாழ்கிறது. குளிர் தொடங்கினால் சன்னல் இடுக்கு வழியாகக் கூட்டமாக வீட்டுக்குள் புகுந்துவிடும். அங்கே வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். நம் ஊரில் பூச்சியை விரட்டும் செடியின் பெயர் அங்கே பூச்சியை வரவழைக்கும் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் இலையின் வடிவத்தைப் பார்த்துப் போயிற்று. இலைக்குள் இருந்த எண்ணெய் கூடப் போகவில்லை.

சென்னை மாநகராட்சி கொசுவை ஒழிக்க வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுக்கும் திட்டத்தைக் கையிலெடுத்தபோது நான் மகிழ்ந்தேன். மனைநொச்சி மறுபடி மனைக்கு வருகிறது என்பதே காரணம். ஆனால் கன்று நட்டால் கொசு போய்விடும் என்று மக்கள் நம்பியது சரியல்ல. கசக்காத, புகையாத இலை காற்றில் விடும் வாசம் சொற்பம். தேங்கிய நீரை வடிக்காமல் எத்தனை நொச்சி நட்டாலும் கொசு முட்டையிடத்தான் செய்யும்.

தழையைக் கையாளும் முறையும் முக்கியம். வெயிலில் காய்ந்தால் எண்ணெய் ஆவியாகிவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். இலை பூச்சியைக் கொல்வதைவிட அண்டவிடாமல் தடுப்பதையே அதிகம் செய்கிறது. ஆகவே வண்டு ஏறிய பிறகு போட்டுப் பெரிய பயனில்லை, தானியத்தைக் கொட்டும்போதே போட வேண்டும். வாசம் குறைந்ததும் தழையை மாற்ற வேண்டும். மூட்டம் தொழுவத்தோடு இருக்கட்டும். பிள்ளைகளும் இளைப்பு உள்ளவர்களும் படுக்கும் அறையில் எந்தப் புகையும் நல்லதல்ல. நொச்சி வளர்க்கப் பெரிய பாடு இல்லை. மழை தொடங்கும் சமயத்தில் விரல் தடிமன் கொம்பு ஒன்றை ஒடித்து வேலியோரம் ஊன்றினால் துளிர்த்துவிடும்.