பீரங்கிக் குண்டும் விளையாட்டுக் குண்டும்

குண்டு எறிதல் என்னும் விளையாட்டு உங்களுக்குப் புதிதன்று. ஆயினும், ஆடவர் எறியும் இரும்புக் குண்டின் எடை ஏன் 7.26 கிலோகிராமாக இருத்தல் வேண்டும்? ஏழு என்றோ எட்டு என்றோ முழு எண்ணாக வைத்திருக்கலாகாதா? விடை காணச் சற்றே பழவேற்காட்டுக் கடற்கரைக்கு வாருங்கள்.

வங்கக் கடலுக்கும் காயலுக்கும் இடையே மணல்திட்டாகக் கிடப்பது காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே, பழவேற்காட்டில், 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். வெடிமருந்தும் அங்கே செய்தனர். அக்காலத்துப் பீரங்கிகளை அவை உமிழும் குண்டின் எடையைக் கொண்டே ஐரோப்பியர் வகைப்படுத்தினர். இவ்விளையாட்டின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஷாட்' என்னும் சொல் அத்தகைய குண்டையே குறிக்கும். போர்வீரர் ஓய்வுப்பொழுதில் பீரங்கிக் குண்டுகளை வீசிப் போட்டியிட்டனர் என்பர். ஆங்கிலேயர் போட்டிக்கு வகுத்த எடை 16 பவுண்டு. அதுவே நம் 7.26 கிலோகிராம்!

கல்லால் வலிமையைச் சோதிப்பது நமக்கும் பழக்கமே. தென்பாண்டிச் சீமையின் ஊர்களில் இளவட்டக்கல்லைத் தோள்வரை தூக்கிப் பின்புறம் எறிந்த காளையர் பலர். ஆனால் ஊருக்கு ஊர் கல்லின் எடை வேறு; எவர் எவரை விஞ்சினார் என ஒப்பிட வழியில்லை. ஊர் புகழ்ந்தது, ஏடு எழுதவில்லை. அதனால் அவர்தம் பெயர்கள் மறைந்தன.

பொது அளவு வந்தபின் நிலை மாறியது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க மாணவர் ராபர்ட் காரெட் 11.22 மீட்டர் எறிந்து வென்றது இன்றும் ஏட்டில் நிற்கிறது. மகளிர்க்கு இவ்வாயில் 1948இல்தான் திறந்தது. அவ்வாண்டு வென்ற பிரெஞ்சு மங்கை மிச்லீன் ஒஸ்தெர்மெயர் பியானோ இசைக் கலைஞருமாவார். நம் நாட்டின் பர்துமன் சிங் 1954, 1958 ஆகிய ஆண்டுகளிலும், தஜிந்தர்பால் சிங் தூர் 2018, 2023 ஆகிய ஆண்டுகளிலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றனர்.

இன்னொன்றும் கருதுக. பெயர் 'எறிதல்' எனினும், விதி எறிவதை ஒப்பாது. கழுத்தருகே வைத்த குண்டை ஒரு கையால் உந்தவே வேண்டும். அவ்வுந்துதல் கையில் தொடங்குவதன்று. காலில் தொடங்கி, இடுப்பின் வழியே ஏறி, விரல்நுனியில் முடிவது. மணலில் காலூன்றிக் கரைவலை இழுக்கும் மீனவர்க்கு, கால் தரும் வலிமையை நாம் சொல்லித் தரவேண்டுவதில்லை. அவர்தம் பிள்ளைகட்கு வேண்டுவது ஓர் இரும்புக் குண்டும், 2.135 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமும், எறிந்த தொலைவை அளந்து குறித்துவைக்கும் ஓர் ஆசிரியருமே. அம்மூன்றும் கிட்டாத ஊரில், இளவட்டக்கல் தூக்கியோர்க்கு நேர்ந்ததே இவர்க்கும் நேரும். உங்களுள் நாளை ஆசிரியராவோர் இதனை நெஞ்சிற் கொள்வீர்களாக.