எமனின் கணக்கேடு: எகிப்தியத் தீர்ப்பு மன்றமும் காஞ்சிபுரம் சித்திரகுப்தரும்

மனிதர் வாழ்நாளில் செய்த நன்மை தீமைகள் இறப்புக்குப் பின் கணக்கிடப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படும் என்னும் நம்பிக்கை பல பண்பாடுகளில் உள்ளது. இதைப் பற்றிய மிகப் பழைய, விரிவான எழுத்துச் சான்றுகள் பண்டைய எகிப்திலிருந்து கிடைக்கின்றன. தமிழகத்தில் இந்நம்பிக்கை சித்திரகுப்தர் வழிபாடாக இன்றும் தொடர்கிறது.

இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கும் இந்நம்பிக்கையின் வரலாற்றில் இடமுண்டு. கணக்கெழுதும் சித்திரகுப்தருக்குக் காஞ்சிபுரத்தில் கோயில் இருக்கிறது. அக்கணக்கிலிருந்து விடுபடும் வழியைப் பேசிய இருவர் திருமழிசையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பிறந்தவர்கள்.

எகிப்து: இதயத்தை நிறுத்தல்

எகிப்தியர் அறிவும் நினைவும் இதயத்தில் இருப்பதாகக் கருதினர். அதனால் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை அகற்றிவிட்டாலும் இதயத்தை உடலிலேயே விட்டுவைத்தனர். வாழ்நாளில் நடந்ததை அறிந்த சாட்சி அதுவே.

ஏறத்தாழ கி.மு. 1550 முதல் ‘இறந்தோர் நூல்’ எனப்படும் மந்திரத் தொகுப்புகள் பாப்பிரஸ் சுருள்களில் எழுதப்பட்டுக் கல்லறைகளில் வைக்கப்பட்டன. இவற்றின் 125ஆம் மந்திரம் தீர்ப்புக் காட்சியை விவரிக்கிறது. இறந்தவர் ஒசிரிசின் மன்றத்தில் 42 தெய்வங்களின் முன் நின்று, தாம் செய்யாத குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். திருடவில்லை, கொல்லவில்லை, பொய் சொல்லவில்லை, தானியம் அளக்கும் படியைக் குறைக்கவில்லை என்று அப்பட்டியல் நீளும்.

பின்னர் இதயம் தராசின் ஒரு தட்டிலும், உண்மையையும் ஒழுங்கையும் குறிக்கும் மாஅத் தெய்வத்தின் இறகு மறு தட்டிலும் வைக்கப்படும். நரித்தலை கொண்ட அனுபிஸ் தராசைக் கவனிப்பார். நாரைவகைப் பறவையின் தலை கொண்ட தோத் நாணல் பேனாவால் முடிவைக் குறித்துக்கொள்வார். தராசு சமமாக நின்றால் இறந்தவர் ஒசிரிசின் உலகில் நுழையலாம். இல்லையெனில் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் இதயத்தை விழுங்கிவிடும். அதற்குப் பின் அவருக்கு எந்த வாழ்வும் இல்லை. லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ஆனியின் பாப்பிரஸ் இக்காட்சியை வண்ணத்தில் காட்டும் புகழ்பெற்ற சுருளாகும். ஆனி ஓர் எழுத்தர்.

சாட்சியைத் தடுக்கும் மந்திரம்

தீர்ப்பு இவ்வளவு கடுமையாக இருந்ததால் அதைச் சமாளிக்கும் வழியும் தேடப்பட்டது. வண்டு வடிவக் கல்லில் மந்திரம் பொறித்து இறந்தவரின் மார்பில் வைத்தனர். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டாம் என்று இதயத்தைக் கேட்டுக்கொள்வதே அம்மந்திரத்தின் பொருள். பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதப்பட்ட சுருள்களும் கிடைத்துள்ளன. வாங்கியவரின் பெயரைப் பின்னர் அந்த இடத்தில் சேர்த்தனர். இதனால் அறத்தின் அளவுகோல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், மன்றத்தில் சொல்ல வேண்டிய சொற்களைக் கையில் வைத்திருப்பது வசதி உள்ளவர்க்கே எளிதாயிற்று.

காஞ்சிபுரம் சித்திரகுப்தர் கோயில்

புராண மரபில் எமனின் கணக்கர் சித்திரகுப்தர். உயிர்களின் பாவ புண்ணியங்களை எழுதி வைத்து, எமனின் அவையில் படித்துச் சொல்வது அவர் பணி. அவருக்கெனத் தனிக்கோயில்கள் அரிது. அவற்றுள் பெயர்பெற்றது காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் உள்ள கோயில். இங்கு அவர் ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏட்டுச்சுவடியும் கொண்டு அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். முன்பு ஊர்க்கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த கருணீகர் அவரைத் தம் குலமுதல்வராகப் போற்றுகின்றனர்.

சித்திரை மாதப் பௌர்ணமியில் பலர் உப்பில்லாமல் உண்டு நோன்பிருக்கின்றனர். வீட்டில் ஏடும் எழுதுகோலும் வைத்துப் படைப்பதுண்டு. மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள்ளும்படி வேண்டுவது இந்நோன்பின் மரபு. எகிப்தியர் சாட்சியின் வாயைக் கட்ட முயன்றனர் என்றால், இங்கே கணக்கரிடமே நேரில் முறையிடுகின்றனர். செய்த பாவத்தை மறுக்கவில்லை. அதன் அளவைக் குறைக்கக் கேட்கின்றனர்.

கணக்குக்கு அப்பால்

வைணவ பக்தி மரபு இன்னொரு வழியைக் காட்டியது. திருமழிசை ஆழ்வார் பாடிய நான்முகன் திருவந்தாதி 96 வெண்பாக்கள் கொண்டது. அதன் ஒரு பாடலில் எமன் தன் தூதர்களை அழைத்து, திருமாலின் அடியாரைக் கண்டால் வணங்கிப் பணிவோடு விலகிச் செல்லுங்கள் என்று காதோடு சொல்கிறான். விஷ்ணு புராணத்திலும் இக்கருத்து உள்ளது. இங்கே ஏடு திருத்தப்படவில்லை. அடியார் எமனின் அதிகார எல்லைக்கே வெளியே நிற்கிறார்.

மரபுப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சிபுரத்தில் கல்வி கற்ற இராமானுசர், தம் சரணாகதி கத்யத்தில் செய்த, செய்கின்ற, செய்யப்போகும் பிழைகள் அனைத்தையும் பொறுக்குமாறு இறைவனை வேண்டுகிறார். இனி எழுதப்படவிருக்கும் பக்கங்களுக்கும் சேர்த்தே கேட்கப்பட்ட மன்னிப்பு இது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

எகிப்தியத் தீர்ப்பு ஒருமுறையே நிகழ்வது. தோற்றவருக்கு மறுவாய்ப்பு இல்லை. இந்திய மரபில் நரகமும் முடிவுள்ளது. வினை தீரும்வரை பிறவி தொடரும். எனினும் தோத், சித்திரகுப்தர் இருவருமே எழுத்தர்கள். வரியும் நிலமும் தானியமும் எழுத்தில் பதியப்பட்ட நாடுகளில், மறுவுலக நீதிக்கும் ஒரு கணக்கர் தேவைப்பட்டது இயல்பே.

அரசனின் கணக்கில் தவறு நேரலாம், ஆள் பார்த்து எழுதப்படலாம். மறுவுலகக் கணக்கில் எதுவும் விடுபடாது என்பது எளியோருக்கு ஆறுதல். ஆனால் அவர்களுடைய பிழைகளும் அதே ஏட்டில்தான் இருந்தன. ஆகவே தப்பாத நீதியை விரும்பிய அதே மக்கள், தமக்கென்று வரும்போது இரக்கத்தையும் வேண்டினர்.