சூறாவளியும் சிறு தீவுகளின் காப்புறுதியும்

கடலில் மூழ்கிய கப்பலின் இழப்பைப் பலர் பகிர்ந்து தாங்குதல் காப்புறுதியின் பழைய வழி. ஒரு நாடே முழுவதும் அழிவுக்குள்ளாயின் அவ்விழப்பைத் தாங்குவோர் யார்? இவ்வினா 2004ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் கரீபியக் கடலிலுள்ள கிறெனடாத் தீவில் எழுந்தது.

கிறெனடா ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழும் நாடு. சூறாவளிகள் செல்லும் வழிக்குத் தெற்கே தம் தீவு கிடக்கின்றது என்பது அங்குள்ளோர் நெடுநாளாகக் கொண்டிருந்த நம்பிக்கை. 1955இல் 'ஜனற்' என்னும் சூறாவளி அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. எனினும் அதன்பின் 49 ஆண்டுகள் அத்துணைப் பெரும் புயல் எதுவும் தீவை நேரே தாக்காமையின், தந்தையர் கண்டதை மைந்தர் மறந்தனர். 'ஐவன்' வந்தபோது பத்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்பது சேதமுற்றன. பிரதம மந்திரியின் இல்லமும் தப்பவில்லை; அவர் பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலிருந்து அரச கருமங்களை நடத்த நேர்ந்தது. இழப்பு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியின் இருமடங்கென மதிக்கப்பட்டது. பெரியதொரு நாட்டில் ஒரு மாகாணம் அழியின் ஏனைய மாகாணங்களின் வரிப்பணம் அதனை எடுத்து நிறுத்தும். கிறெனடாவிலோ உதவுதற்கு வேறு மாகாணம் எஞ்சியிருக்கவில்லை.

இதன்பின் கரீபிய நாட்டுத் தலைவர்கள் உலக வங்கியின் துணையை நாடினர். 2007இல் பதினாறு அரசுகள் சேர்ந்து பொதுக் காப்புறுதி நிதியம் ஒன்றை நிறுவின. ஒரே ஆண்டில் பதினாறு நாடுகளையும் பேரனர்த்தம் தாக்குதல் அரிது. ஆதலின் தனித்தனியே காப்புறுதி பெறுவதினும் கூடிப் பெறுங்கால் கட்டுப்பணம் பெரிதும் குறையும். இந்நிதியத்தின் முறை புதுமையானது. இடிந்த வீடுகளை எண்ணுதற்கு அதிகாரி எவரும் செல்வதில்லை. புயல் சென்ற வழி, காற்றின் வேகம், நிலநடுக்கத்தின் வலிமை ஆகிய அளவுகளைக் கொண்டு இழப்பு கணிக்கப்படும். அக்கணிப்பு ஒப்பந்தத்திற் குறித்த எல்லையைக் கடப்பின் பதினான்கு நாட்களுள் பணம் அரசின் கையிற் சேரும்.

விரைவு கிடைத்தது, அதற்கான விலையும் உடனே தெரிந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் 'டீன்' சூறாவளி ஜமெய்க்காவின் தென்பாலாகச் சென்று பயிர்களை அழித்தது. கணிப்போ எல்லையைத் தொடவில்லை, பணமும் வரவில்லை. 2008இல் நான்கு புயல்கள் அடுத்தடுத்து ஹெயிற்றியைத் தாக்கின. அங்கு உயிர்களைக் கொண்டுசென்றது பெருமழையும் வெள்ளமும். ஒப்பந்தமோ காற்றை அளப்பது. மழைக்கெனத் தனி ஒப்பந்தம் பின்னரே வகுக்கப்பட்டது. எழுதியபடியே நடந்தது என்பதை வழக்கறிஞர் ஏற்பர். வெள்ளத்தில் நின்றவன் ஏற்பானா? கருவிகள் பிழையாக அளந்தன என்று கூறுதற்கில்லை. எதனை அளப்பது என்னும் தெரிவிலேயே குறை இருந்தது என்பது எம் கருத்து. 2010 ஜனவரி நிலநடுக்கத்தின்போது அதே ஹெயிற்றிக்கு இரு வாரத்துள் ஏறத்தாழ 77 இலட்சம் டொலர் கிடைத்தது. அஃது அந்நாடு செலுத்திய கட்டுப்பணத்தின் இருபது மடங்கு. நேர்ந்த இழப்பின் ஆயிரத்தில் ஒரு பங்களவே.

2024 ஜூலை முதலாம் நாள் 'பெரில்' சூறாவளி கிறெனடாவுக்குரிய கரியக்கூத் தீவைச் சிதைத்தது. இம்முறை நிதியத்திலிருந்து நான்கு கோடி டொலருக்கு மேல் விரைவில் வந்தது. கடன் தவணைகளைச் சூறாவளிக் காலத்தில் ஒத்திவைக்கலாம் என்று கடன் பத்திரங்களில் முன்னரே எழுதிவைத்திருந்த விதியையும் அரசு பயன்படுத்தியது. 2004இல் இவ்விரண்டும் இருக்கவில்லை.

ஆயினும் அப்பணம் அரசின் திறைசேரிக்கு உரியது. தோட்டக்காரனோடு அவ்வொப்பந்தத்திற்குத் தொடர்பில்லை. ஐவனுக்கு முன்னர் சாதிக்காய் விளைவிப்பதில் கிறெனடா உலகில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. அதன் கொடியிலும் சாதிக்காய் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த ஒரு நாளில் மரங்களிற் பெரும்பாலானவை வீழ்ந்தன. சாதிக்காய் நாற்று முதற்காய் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். நிறைந்த பலன் தர இருபது ஆண்டுகள் வரை ஆகும்.