செண்டுப்பூவும் காலெண்டுலாவும்

தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் கூடைகூடையாய் வந்து இறங்கும் அந்த மஞ்சள் பூவைச் செண்டுப்பூ என்பார்கள், செண்டுமல்லி என்பார்கள். பழைய ஆட்களுக்கு அது துலுக்கச் சாமந்தி. தென்மாவட்டங்களில் கேந்தி. செண்டு என்றால் பந்து. கன்னடத்தார் செண்டு ஹூவு என்பதும் தெலுங்கர் பந்திப்பூ என்பதும் அந்த உருட்சியைப் பார்த்துத்தான். நம் கேந்தியும் இந்தி கேந்தாவின் வழி வந்தது. கேந்த் என்றால் அங்கே பந்து.

துலுக்கச் சாமந்தி என்ற பெயர் மட்டும் வேறு சேதி சொல்கிறது. சாமந்தி என்கிற செவ்வந்தி நமக்கு முன்பே பழக்கம். திருச்சி மலைக்கோட்டை இறைவனுக்கே செவ்வந்திநாதர் என்று பெயர். அதன் சாயலில் புதிதாக ஒன்று வந்தபோது, வெளியிலிருந்து வந்தது என்று அடைகொடுத்துக் குறித்துவைத்தார்கள். துருக்கிக்கும் இதற்கும் உறவில்லை, தாய்நிலம் மெக்சிகோ. ஊர் பிசகினாலும் வந்தேறிய செடி என்ற கணிப்பு சரியானதே.

இன்றைய குழப்பம் ஆங்கிலத்தின் மேரிகோல்டால் வந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு செடிகள். நாம் மாலை கட்டும் செண்டுப்பூ டாஜெட்டஸ். சருமக் களிம்பில் சேர்வது மத்தியதரைக் கடல் பக்கத்துக் காலெண்டுலா. மாதப் பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், ஆனால் பேரினம் வேறு. சிறு காயத்துக்கும் வெயில் எரிச்சலுக்கும் ஐரோப்பியர் நெடுங்காலமாகப் பூசிவருவது காலெண்டுலாவை. 2004-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 254 பெண்களில் இதைத் தடவியவர்களுக்குத் தோல் அழற்சி முற்றியது 41 விழுக்காடு. வேறு களிம்பு தடவியவர்களுக்கு 63.

இந்தப் பெருமையைச் செண்டுப்பூவின் தலையில் ஏற்றக் கூடாது. அதன் இலையை அரைத்துக் கொப்புளத்தில் வைக்கும் வழக்கம் உண்டுதான். ஆனால் செடியிலுள்ள தயோபீன் சேர்மங்கள் வெயில் பட்டால் வீரியம் கொண்டு தோலைப் புண்ணாக்கக்கூடியவை. அதே சேர்மங்கள்தான் வேரடியில் நூற்புழுவை அடக்குகின்றன. நெல் வரப்பில் செண்டுப்பூ நட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தேடிவரும். அதற்கேற்ற இடம் வயல்தான்.

நம் நலங்குமாவில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் சேரும், செண்டுப்பூ சேர்வதில்லை. அறுப்பில் அரிவாள் பட்டால் கை தேடுவதும் வெட்டுக்காயப் பூண்டைத்தான்.

களிம்பு வாங்குகிறவர்கள் மேரிகோல்டு என்ற பெயரோடு நின்றுவிடாமல், காலெண்டுலா அஃபிசினாலிஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாமிக்குச் சாத்திய செண்டுப்பூவை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.